வலிக்காத காலுக்கு ஒரு செருப்பு

நம் உடலில் நாம் மிக அரிதாகப் பார்க்கும் பகுதி எது என்று கேட்டால் முதுகு என்பீர்கள். முதுகைப் பார்க்க இயலாது, அதனால் பார்ப்பதில்லை. பார்க்க இயன்றும் பாராமல் விடுவது உள்ளங்காலையே. பல் வலித்தால் பல் மருத்துவரிடம் ஓடுகிறோம். கண் மங்கினால் கண்ணாடி வாங்குகிறோம். நாள் முழுவதும் நம்மைச் சுமந்து திரியும் பாதத்துக்கோ, நடைபாதைக் கடையில் கிடைக்கும் ஒரு சோடி ஹவாய் செருப்போடு நம் கடமை முடிந்துவிடுகிறது. அதுவும் வார் பிய்ந்தால் ஓர் ஊக்கைக் குத்தி இன்னும் ஆறு மாதம் ஓட்டிவிடுகிறோம்.

பங்குத் தந்தையாக இருப்பவனுக்குப் பிறருடைய பாதங்களை அருகிலிருந்து காணும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கிறது. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பன்னிருவரின் பாதங்களைக் கழுவித் துடைக்கும் சடங்கைத்தான் சொல்கிறேன். அந்தப் பன்னிருவரும் வீட்டிலேயே சவுக்காரமிட்டுத் தேய்த்து, சிலர் பவுடரும் பூசிக்கொண்டுதான் வந்து அமர்வார்கள். கழுவிய காலைக் கழுவுவதே நம் ஊர் வழக்கம். ஆயினும் சவுக்காரத்துக்குப் போகாத சில தடங்கள் பாதத்தில் உண்டு. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என வடசென்னையின் கடலோரத்திலேயே என் குருத்துவ வாழ்வின் பெரும்பகுதி கழிந்திருப்பதால், முகத்தைப் பாராமல் காலைப் பார்த்தே தொழிலைச் சொல்லும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. மீனவரின் பாதம் விசிறிபோல் விரிந்திருக்கும். ஐந்து விரல்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். ஆடும் படகில் பலகையைப் பற்றிப் பழகிய கால் அது. தொழிற்சாலைக்காரரின் பாதம் வெளுத்து ஊறி, சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி, பெருவிரல் நகம் கறுத்திருக்கும். பூட்சுக்குள் எட்டு மணி நேரம் அடைபட்டதன் அடையாளம். துறைமுகத்தில் மூட்டை சுமந்த முதியவரின் உள்ளங்காலில் வளைவே இராது. பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று 2016ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் வழிவகுத்தபின், மீன் விற்கும் தாய்மாரின் குதிகால்களையும் கண்டேன். அவற்றிலுள்ள பித்தவெடிப்புகளில் ஒரு நாணயத்தைச் செருகி வைக்கலாம்.

இராயபுரம் என்னும் பெயரே இராயப்பரால் வந்தது என்பர். தம் காலைக் கழுவ வேண்டாமென்று முதலில் மறுத்தவரும் அந்த இராயப்பரே. நம் மக்களும் அவரைப் போலத்தான். காலைக் காட்டக் கூசுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பன்னிருவரில் ஒருவராக அமர்ந்திருந்தவர், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்து, பின்னர் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் இரவுக் காவலாளியாக இருந்தவர். அவருடைய வலக்காலைத் துடைத்தபோது வெள்ளைத் துவாலையில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு படிந்தது. நான் ஏதும் பேசாமல் அடுத்தவரிடம் நகர்ந்தேன். திருப்பலி முடிந்ததும் அவரைத் திருப்பண்ட அறைக்கு அழைத்து உட்கார வைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தேன். முன்பாதத்தில், இரண்டாம் விரலுக்குக் கீழே, ஒரு காய்ப்பின் நடுவில் ஆழமான துளை. வாசலில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம். அடித்தோலைப் பிடிக்க அடித்திருந்த ஆணி ஒன்று மேல்நோக்கி முளைத்திருந்தது. அதைச் சுற்றிலும் பழைய இரத்தம் பழுப்பாக உறைந்திருந்தது.

“எத்தனை நாளாக இப்படி?”

“தெரியவில்லை சாமி. வலியே இல்லை. வலி இல்லாத கால் நல்ல கால்தானே?”

இந்தக் கேள்விக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். ஏனெனில் அவர் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. பதினோர் ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு விட்டுவிட்டு மாத்திரை சாப்பிட்டுவந்தவர் அவர். தலை சுற்றினால் மருத்துவரிடம் போவார். காலைப் பற்றி அவரும் சொன்னதில்லை, எவரும் கேட்டதுமில்லை.

நீரிழிவு நீண்டகாலம் கட்டுக்குள் வராதிருக்குமானால் நரம்புகள் பழுதுபடுகின்றன. உடலின் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆதலால் பாதமே முதலில் மரத்துப்போகிறது. தொடக்கத்தில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி. பிறகு பஞ்சின்மேல் நடப்பது போன்ற ஒரு மந்தம். கடைசியில் ஒன்றுமே இல்லை. செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்துபோகிறவர்கள் நம்மிடையே உண்டு. உணர்ச்சி மட்டுமா போகிறது? வியர்வை குறைந்து தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகள் நலிந்து விரல்கள் கொக்கிபோல் வளைகின்றன. அதனால் உடலின் எடை முழுவதும் முன்பாதத்தின் எலும்பு முனைகளில் குவிந்து, அங்கே காய்ப்பு விழுகிறது. காய்ப்பின் அடியில் புண் பழுக்கிறது. மேலே பார்த்தால் தடித்த தோல்; உள்ளே சீழ். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை விரைவில் வந்துவிடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வொன்று, இந்தியாவில் நீரிழிவு நோயாளிகள் 10 கோடிக்கு மேல் இருப்பதாக 2023இல் கணக்கிட்டது. ஆகவே இது யாரோ ஒரு காவலாளியின் கதையன்று. ஞாயிறன்று நமக்கு முன்வரிசையில் முழந்தாளிட்டிருப்பவரின் உள்ளங்காலைப் பற்றிய செய்தி.

ஒரு வகையில் வடசென்னைக்காரர் நற்பேறு பெற்றவர்கள். நம் ஸ்டான்லி மருத்துவமனையில்தான் 1948இல் நீரிழிவுக்கெனத் தனித் துறை ஒன்றைப் பேராசிரியர் எம். விசுவநாதன் தொடங்கினார். அவரே 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவமனை ஒன்றையும் நிறுவினார். அது இருக்கும் தெருவுக்குப் பெயர் மேற்கு மாதா கோயில் தெரு. அந்த மருத்துவமனையினரும் அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து செய்த ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. ஏற்கெனவே காலில் புண் வந்து ஆறிய 241 நீரிழிவு நோயாளிகளுக்கு வெவ்வேறு வகை உள்மெத்தை கொண்ட காலணிகள் அளித்து, ஒன்பது மாதங்கள் கவனித்தார்கள். வழக்கமான காலணியிலேயே இருந்தவர்களில் நூற்றுக்கு 33 பேருக்குப் புதுப் புண் வந்தது. மென்மையான உள்மெத்தை வைத்த காலணி அணிந்தவர்களிலோ நூற்றுக்கு 4 பேருக்கே வந்தது. எனக்குத் தெரிந்தவரை இவ்வளவு மலிவான ஒரு பொருள் இவ்வளவு பெரிய இழப்பைத் தடுப்பது மிக அரிது.

அந்த மென்மையான காலணிகளுள் ஒன்றுக்கு ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று பெயர். இன்று சர்க்கரை நோயாளிக்குக் கொடுக்கப்படும் இச்செருப்பு முதலில் வேறு நோயாளிக்காகப் புழக்கத்துக்கு வந்தது. அக்கதை நம் தமிழ்நாட்டுக் கதையே. பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1914இல் மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது, நோயாளியின் சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்றே அக்காலத்தில் மருத்துவர்களும் நம்பினர். பிராண்ட் அதை நம்பவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தாம் திறக்க முடியாமல் திணறியபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டதையும், அவன் விரலில் எலும்பு தெரியுமளவுக்குத் தோல் கிழிந்திருந்ததை அவனே அறியாததையும் கண்டார். இரவில் நோயாளிகளின் விரல்கள் காணாமற்போனதற்கு எலிகளே காரணம் என்பதும் தெரியவந்தது, கடிபடுகிறவன் விழிப்பதில்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்களாம். உண்மையில் சதையை அழித்தது நோயன்று. நோய் வலியை மட்டுமே எடுத்துச் சென்றது. மற்றதை அன்றாட வாழ்க்கையே செய்து முடித்தது.

பாதத்தைப் பற்றி அவர் கண்டறிந்தது இன்னும் நுட்பமானது. காலைக் கெடுப்பது முள்ளும் ஆணியும் மட்டுமல்ல. மிதமான அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழுவதும் போதும். நமக்கு ஓரிடம் நோகத் தொடங்கினால் நாம் அறியாமலே பாதத்தைச் சற்றுச் சாய்த்து வைக்கிறோம், நொண்டுகிறோம், உட்கார்ந்துவிடுகிறோம். நொண்டுவதே ஒரு வைத்தியம். வலியற்றவன் நொண்டுவதில்லை, அதே எட்டு, அதே இடம். ஆகவே அவன் காலால் செய்ய முடியாததைச் செருப்பு செய்தாக வேண்டும். எடையைப் பாதம் முழுவதும் பரப்பிக் கொடுக்க வேண்டும். வேலூரிலும் கரிகிரியிலும் பல பொருள்களைச் சோதித்து அவர்கள் பயன்படுத்தியவற்றுள், கண்ணுக்குப் புலப்படாத காற்றறைகள் நிறைந்த மென்ரப்பரே நிலைத்தது. ஹவாய் செருப்பும் அத்தகைய ரப்பரே, ஆனால் கடினமானது. நடுவண் அரசின் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் உணர்விழந்த காலுடையவர்களுக்கு இந்த எம்.சி.ஆர். செருப்பு ஆண்டுக்கு இரு சோடி இலவசமாக வழங்கப்படுகிறது.

இதில்தான் சங்கடம் முளைக்கிறது. நம் காவலாளிக்கு ஓர் விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. இனி எம்.சி.ஆர். செருப்பு அன்றி வேறு அணியக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கறுத்த நிறம், தடித்த அடி, குறுக்கே இரண்டு பட்டை. அவர் அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடி ஹவாய் செருப்போடு நடந்தார். கேட்டதற்கு அவருடைய மனைவிதான் பதில் சொன்னார். “இது அந்த நோய்க்காரர்கள் போடும் செருப்பு சாமி. கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் காலில் பார்த்திருக்கிறோம். வீட்டில் கலியாண வயதில் பெண் இருக்கிறாள்.”

இதை அறியாமை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஒரு தெருவில் எந்தச் செருப்பு எதைச் சொல்லும் என்பதை அத்தெருவில் வாழ்கிறவரே அறிவார். தொழுநோய் இன்று மருந்தால் முற்றும் குணமாகும் நோய். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றும் ஆற்றலையும் இழந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். அந்தத் தாய் தலையசைத்துக் கேட்டார். செருப்பு கட்டிலின் கீழேயே இருந்தது. முடிவில் வழி காட்டியவர் பழைய வண்ணாரப்பேட்டையில் தெருவோரம் அமர்ந்து செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவர். பெரியமேட்டில் எம்.சி.ஆர். ரப்பரைத் தகடாகவே வாங்கலாம் என்றும், அதை உள்ளே வைத்து, விளிம்பு தெரியாமல் பழுப்புத் தோலால் சுற்றி மூடி, எல்லாரும் அணியும் சாண்டலைப் போலவே தைத்துத் தருவதாகவும் சொன்னார். சொன்னபடியே செய்தார். ஆணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பசையும் தையலும். பெருவிரல் இடுக்கில் வார் இல்லை, குதிகாலுக்குப் பின்னால் பட்டை உண்டு. காவலாளியின் இரண்டு நாள் கூலி செலவாயிற்று. பெண்ணின் திருமணத்தன்றும் அவர் அதைத்தான் அணிந்திருந்தார். சம்பந்தி வீட்டார் கண்ணுக்கு அது வெறும் சாண்டல்.

என் காலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு உணர்ச்சி இருக்கிறது. சற்று அதிகமாகவே இருக்கிறது. பூந்தமல்லிக் குருமடத்தில் பயின்ற காலத்தில் முழங்காலுக்குக் கிடைத்த பயிற்சி பாதத்துக்குக் கிடைக்கவில்லை என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஐம்பதைத் தாண்டியபின் ஒருநாள் விடியற்காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தவுடன் குதிகாலில் கூரிய கல்லை மிதித்தாற்போல் வலி. பத்தடி நடந்தால் குறையும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வரும். ஊரில் இதைக் குதிகால் வாதம் என்பர். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, வில்லின் நாண்போல், தடித்த சவ்வு ஒன்று செல்கிறது. கெட்டித் தரையில் நெடுநேரம் நிற்பவர்களுக்கு அது எலும்போடு சேருமிடத்தில் நைந்துபோகிறது. கருங்கல் தளத்தில் நாளுக்கு மூன்று திருப்பலி நிறைவேற்றும் குருவுக்கும், இயந்திரத்தின்முன் நிற்கும் தொழிலாளிக்கும், தோசைக்கல்லின்முன் நிற்கும் தாய்க்கும் இது பொது. பெரும்பாலோருக்குக் கெண்டைக்காலை நீட்டிவிடும் பயிற்சியாலும் தக்க காலணியாலும் சில மாதங்களில் குறைந்துவிடும். கத்தியும் ஊசியும் அரிதாகவே தேவைப்படும்.

தக்க காலணி என்று சொல்வது எளிது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிவெண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவக் குடியிருப்புகளுக்கு நாள்தோறும் நடந்துபோக வேண்டியிருந்தது. படகும் வலையும் கறுத்துப்போய் நின்றன. மீனவர்கள் வாளியிலும் கையாலும் அந்த எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அங்கே சாண்டல் உதவாது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்சில் நீர் புகாது. ஆனால் அடி தட்டையாகவும் உள்ளே வியர்வைக் குளமாகவும் இருந்ததால் என் குதிகால் ஒரே நாளில் மன்னிப்புக் கேட்டது. கணுக்காலைப் பிடித்து நிறுத்தும், அடி உறுதியான நடைபூட்ஸ் ஒன்று வேண்டுமென்று கடை கடையாக ஏறினேன். உலகமெங்கும் காலணி ஏற்றுமதி செய்யும் ஆம்பூர் நமக்கு இருநூறு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆயினும் தமிழனின் அகன்ற முன்பாதத்துக்கு ஏற்ற பூட்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு கடையில் இளைஞர் ஒருவர் ‘மெமரி ஃபோம்’ என்று சொல்லி என் மாத உதவித்தொகையில் பாதியைக் கேட்டார். பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். வெண்ணெய்போல் அடிவரை இறங்கிற்று. படுப்பதற்கு நல்லது, நடப்பதற்கு ஆகாது.

அமுக்கிப் பார்க்கும் இந்தச் சோதனையை அந்தச் செருப்புத் தைக்கும் பெரியவரிடம்தான் கற்றேன். உள்மெத்தையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால் ஏறத்தாழப் பாதிக் கனத்துக்கு அமுங்க வேண்டும். விட்டவுடன் எழும்ப வேண்டும். அமுங்காதது பலகை, எழும்பாதது களிமண். மென்மை உள்ளே இருக்கட்டும். தரையைத் தொடும் அடி கெட்டியாக இருக்க வேண்டும். இல்லையேல் முள்ளும் கண்ணாடித் துண்டும் ஏறிவிடும். கடைக்கு மாலையில் போவதே நல்லது. பகலெல்லாம் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், காலையில் பொருந்திய காலணி மாலையில் கடிக்கும். இரு கால்களும் ஒரே நீளமாக இருப்பதில்லை; பெரிய காலுக்கு அளவெடுங்கள். நின்றுகொண்டே வெறுங்காலை ஒரு தாளின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அத்தாளைக் கத்தரித்துக் காலணிக்குள் இட்டுப் பாருங்கள். தாள் சுருங்கினால் காலும் சுருங்கும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடமிருக்க வேண்டும். காலுக்குத்தான் செருப்பேயன்றிச் செருப்புக்காகக் காலைத் தறிப்பதில்லை அன்றோ?

நான் ஒரு சுற்று அகலமான பூட்சை வாங்கி, அதனுள் இருந்த அட்டையை உருவி எறிந்துவிட்டுப் பெரியவர் வெட்டிக் கொடுத்த மெத்தையை வைத்து, குதிகாலுக்கு மட்டும் கிண்ணம்போல் சற்று உயர்த்திக்கொண்டேன். முதல் வாரம் நாளுக்கு இரண்டு மணி நேரமே அணிந்தேன். வெள்ளை அங்கிக்குக் கீழே கறுத்த பூட்ஸ் எட்டிப் பார்ப்பதைக் கண்டு மறைக்கல்விச் சிறுவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நான்காம் மாதம் விடியலில் கல்லில்லை.

கடைகளிலும் கண்காட்சிகளிலும் முள்முள்ளாக எழுந்த குமிழ்கள் கொண்ட ‘அக்குபிரஷர்’ செருப்பு விற்கிறார்கள். சர்க்கரை நோய்க்கே நல்லது என்று கூவியும் விற்கிறார்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு அது ஆணிப்படுக்கை. அன்பளிப்பாக வந்தாலும் அணியாதீர்கள்.

உணர்ச்சி குறைந்ததா என்று அறிவது எளிது. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றை மருத்துவர் உள்ளங்காலில் சில இடங்களில் வைத்து அழுத்துவார். கண்ணை மூடிக்கொண்டு, பட்டால் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை. அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் இச்சோதனையைக் கொண்டுவந்துள்ளது. மாத்திரை வாங்கப் போகும்போது செருப்பைக் கழற்றிக் காலையும் காட்டிவிட்டு வாருங்கள். வீட்டில் செய்ய வேண்டியது அதைவிட எளிது. இரவில் குடும்பச் செபம் முடிந்து எழுமுன், பிள்ளைகளோ மருமகளோ பெரியவர்களின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கொளியில் ஒருமுறை பார்க்கட்டும். தனியே வாழ்கிறவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். செருப்போ பூட்சோ அணியுமுன் கவிழ்த்துத் தட்டிவிட்டு, உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். ஒரு பங்கில், தொழிலாளி ஒருவரின் பூட்சுக்குள் அவருடைய பேரக்குழந்தை ஒளித்துவைத்த பம்பரம் ஒரு முழு ஷிப்டும் இருந்தது.

தொழிற்சாலையும் துறைமுகமும் தரும் ‘சேப்டி ஷூ’ விழும் இரும்பிலிருந்து விரலைக் காக்கும். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதன் முனையிலுள்ள உருக்குக் கவசம் நெகிழாது. இறுக்கமான எண்ணைக் கொடுத்தால், காக்க வந்த கவசமே சுண்டுவிரலை அரைத்துவிடும். தனக்குரிய எண்ணை நின்று கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை. பருத்திக் காலுறை இரண்டு சோடி வைத்துக்கொண்டு நடுவேளையில் மாற்றுவதும் பெரும் உதவி. மீனவருக்கு என்ன சொல்வது? ஈரப் பலகையில் செருப்பு வழுக்கும். அவர்களிடம் நான் கேட்பதெல்லாம், கரையேறியதும் நன்னீரில் காலைக் கழுவி, விரலிடுக்கை உலர்த்தி, தூண்டில் முள்ளோ மீன் முள்ளோ தைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வலை பின்ன உட்காருங்கள் என்பதே.

இறுதியாக, நம் பக்தியைப் பற்றி. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை. ஏப்ரல் மாத வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை. ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி 300 கிலோமீட்டருக்கு மேல் நடப்பவர்கள் ஒருபுறம். ஆகஸ்டு 29 கொடியேற்றத்துக்கு இரவோடிரவாக இங்கிருந்து பெசன்ட் நகர் வரை நடப்பவர்கள் மறுபுறம். பலரும் வெறுங்காலோடு. மோயீசன் எரியும் முட்செடியின்முன் செருப்பைக் கழற்றினாரே என்று எனக்கே மறைக்கல்வி புகட்டுகிறார்கள். கழற்றினார், அங்கே நின்ற இடத்தில் கழற்றினார். அதுவரை ஆடு மேய்த்து வந்த வழியெல்லாம் அணிந்துதான் இருந்தார் என்பது என் விடை.

சென்ற முறை நடைப்பயணக் குழுவில் பெயர் கொடுக்க வந்தவர்களுள், இருபது ஆண்டாக நீரிழிவு உள்ள ஒரு மூதாட்டி. பேரனுக்கு வேலை கிடைத்தால் வெறுங்காலோடு பெசன்ட் நகர் மாதாவிடம் வருவதாக நேர்ந்திருந்தார், கிடைத்துவிட்டது. நைலான் இழைச் சோதனையில் இரு பாதங்களிலும் ஏறக்குறைய ஒன்றுமே அவருக்குத் தெரியவில்லை.

“நேர்ச்சை முறிந்துவிடாதா சாமி?”

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1196, 1197 ஆகிய எண்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன் என்று எண்ண வேண்டாம். தனிமனிதர் செய்த நேர்ச்சையைத் தக்க காரணம் பற்றி நீக்கவோ மாற்றவோ பங்குத் தந்தைக்கு அதிகாரம் உண்டு என்று மட்டும் சொல்லி, அதை மாற்றிக் கொடுத்தேன். அவர் செருப்பணிந்து நடக்க வேண்டும். வெறுங்காலுக்கு ஈடாக, வாங்க வசதியில்லாத வேறொருவருக்கு அதேபோல் ஒரு சோடி வாங்கிக் கொடுக்க வேண்டும். சற்று யோசித்தார்.

“கோயில் வாசலில் கழற்றலாமா?”

“கழற்றுங்கள் அம்மா. மணல் குளிர்ந்தபின்.”

பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அவரை அதன்மேல் நிற்கச் சொல்லி, குனிந்து பென்சிலால் சுற்றி வரைந்தேன். வலக்கால் இடக்காலைவிட அரை விரற்கடை நீளம். எழுபது வயதுவரை அவருக்கு அது தெரியாது.